பெயரில்லாத பெட்டிகள்

1874 ஆம் ஆண்டு கோச்சிப் பாதை எங்கள் கெலிஓயாவைக் கடந்து, கம்பளை வழியாக நாவலப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை. தண்டவாளம் இரண்டுக்கும் இடையே ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். அதே 1874 இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டஃபீல்ட் என்ற கிராமத்தில், ஆர்தர் ஹேவுட் என்ற செல்வந்தர் வீட்டு இளைஞர் தன் தோட்டத்துக் குன்றில் இன்னொரு பாதையைப் போடத் தொடங்கினார். அதன் அகலம் பதினைந்து அங்குலம், 381 மில்லிமீற்றர். நம் பாதையில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் அதில் எஞ்சின் ஓடியது, பெட்டி ஓடியது, ஆள் ஏறிப் போனார்கள்.

இன்று உலகம் முழுவதும் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் மனிதர் ஏறிச் செல்லும் குட்டிக் கோச்சிகள் ஓடுகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னோடி அந்த டஃபீல்ட் பாதை. அதன் கதையைச் சொல்பவர்கள் எஞ்சினின் கதையைத்தான் சொல்கிறார்கள். ஹேவுட் தன் எஞ்சின்களுக்கு வீட்டுப் பெண்களின் பெயரை வைத்தார்: 1875 இல் எஃபி, 1881 இல் எல்லா, 1894 இல் மியூரியல். இந்தப் பெயர்கள் புத்தகங்களில் நிலைத்துவிட்டன. அவை இழுத்த பெட்டிகளுக்குப் பெயர் இல்லை.

நான் கெலிஓயாக்காரன். புகையிரதத்தில் பெட்டி திருத்தும் பக்கத்தில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எஞ்சின் பக்கம் போனதே இல்லை. சில்லு, அச்சு, ஸ்பிரிங், பிரேக், கொளுவி, இவ்வளவும்தான் என் படிப்பு. ஆகவே இந்த வரலாற்றைப் பெட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தபடிதான் எனக்குச் சொல்லத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

ஒன்பது அங்குலம் போதாது

பதினைந்து அங்குலத்துக்கு ஹேவுட் ஒரேயடியாக வந்துவிடவில்லை. அதற்கு முன் ஒன்பது அங்குலப் பாதையில் ஒரு சின்ன ரயிலைச் செய்து பார்த்திருந்தார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆள் ஏறியதும் வண்டிக்கு நிலை இல்லை. ஆளின் பாரம் உயரத்தில் இருக்கிறது, சில்லுகள் கிட்டக்கிட்ட இருக்கின்றன, கொஞ்சம் சாய்ந்தாலே கவிழப் பார்க்கும். மனிதனைப் பயமில்லாமல் ஏற்றிப் போக ஆகக் குறைந்த அகலம் எவ்வளவு என்ற கேள்வியை அங்கேதான் அவர் பிடித்தார். பதினைந்து அங்குலம் என்பது அவர் கண்ட விடை. அந்த அளவை அவருக்குக் கொடுத்தது எஞ்சின் இல்லை, பெட்டியும் அதில் குந்தியிருந்த ஆளும்தான்.

அவர் இதை விளையாட்டுக்காகச் செய்யவில்லை. பெரிய பண்ணைகள், கல்லுடைக்கும் குழிகள், படைக்குச் சாமான் கொண்டுபோகும் பாதைகள், இவற்றுக்கெல்லாம் செலவு குறைந்த ஒரு ரயில் வேண்டும் என்பது அவர் எண்ணம். டஃபீல்ட் குன்றில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்களும், 25 அடி ஆரத்தில் திரும்பும் வளைவுகளும் போட்டார். கடுகண்ணாவை ஏற்றத்தில் நம் கோச்சி ஓரடி உயர நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து அடி ஓடுகிறது. அதற்கே நீராவிக் காலத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் கொளுவினார்கள். ஹேவுட்டின் ஏற்றம் எவ்வளவு கடுமை என்பதை இதை வைத்து அளந்துகொள்ளலாம். அந்தப் பாதைக்கு அவர் சாமான் வண்டிகளோடு நிற்காமல், ஆள் போகும் பெட்டிகளும் செய்தார். சாப்பாட்டுப் பெட்டி, படுக்கைப் பெட்டி எல்லாம் உண்டு. ஒரு மைல் சொச்சம் ஓடும் பாதைக்குப் படுக்கைப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். இந்த அகலத்தில் இதுவும் முடியும் என்று பார்க்க வருபவர்களுக்குக் காட்டத்தான்.

இராணுவம் வாங்கவில்லை. வாங்கியவர் ஒரே ஒருவர், செஷயரில் ஈட்டன் ஹால் மாளிகையின் சொந்தக்காரரான வெஸ்ட்மின்ஸ்டர் டியூக். 1896 இல் அங்கே பாதை போட்டு முடிந்தது. பெரிய ரயில் நிற்கும் இடத்திலிருந்து மாளிகைக்கு மூன்று மைல் தூரம். நிலக்கரி, செங்கல், ரோட்டுக்குப் போடும் கல், மரம் எல்லாம் அதில் போயின. விருந்தாளிகளும் போனார்கள். அந்தப் பாதை ஐம்பது வருடம் வேலை செய்தது.

ஹேவுட்டிடம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. அவர் தேவாலய மணியடிப்பதில் பெரிய ஆள். இங்கிலாந்தின் மணியடிப்பவர்களை ஒன்றுசேர்த்து 1891 இல் ஒரு மத்திய சபையை ஆரம்பித்தவரே அவர்தான். உலோகத்தின் ஓசையைக் காதால் எடைபோடத் தெரிந்த மனிதர். எங்கள் தொழிலின் முதல் பாடமும் அதுதான். நீண்ட பிடி போட்ட சுத்தியலால் சில்லைத் தட்டுவோம். நல்ல சில்லு நீளமாகப் பாடும். வெடிப்பு விழுந்ததோ, அச்சில் தளர்ந்ததோ, சட்டென்று அடங்கிப்போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பழக்கிய மூத்த நானா ஒருவர் சொல்வார்: “கண்ணுக்குத் தெரிஞ்சா அது பழுது இல்ல மகன், அது விபத்து. பழுது காதுக்குத்தான் முதல்ல வரும்.”

சின்னதானால் வேலை குறையுமா?

என் மகன் குடும்பத்தோடு டெர்பியில் இருக்கிறான். டஃபீல்ட் அங்கிருந்து ஐந்து மைல். அவனிடம் போயிருந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றி ஓடும் ஐந்து அங்குலக் குட்டிக் கோச்சி ஒன்றைப் பேரப்பிள்ளையுடன் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற மனிதர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் அது. பேரன் முன்னால் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பின்னால் போய்க் குனிந்தேன். ஒரு பெட்டியின் அச்சில் கை வைத்தபோது சூடு தெரிந்தது. அங்கிருந்தவரிடம் சொன்னேன். அவர் என்ன வேலை செய்தவர் நீங்கள் என்று கேட்டார். அடுத்த கிழமையிலிருந்து எனக்கும் ஒரு ஒயில் கேனும் பழைய மேலங்கியும் கிடைத்தன. “வாப்பா, ஓய்வெடுக்க வந்தீங்களா, டியூட்டிக்கு வந்தீங்களா?” என்றான் மகன்.

அந்தக் கொட்டகையில்தான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பதுளைக்குப் போகும் உடரட்ட மெனிக்கே போன்ற வண்டியின் சில்லு ஏறக்குறைய மூன்றடி விட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீற்றர் ஓடினால் அது சுமார் 350 தடவை சுற்றும். ஐந்து அங்குலப் பாதையில் ஓடும் பெட்டியின் சில்லு 100 மில்லிமீற்றர் விட்டம் என்றால், அதே ஒரு கிலோமீற்றருக்கு 3,100 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். வேகத்தில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. உடரட்ட மெனிக்கே மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது அதன் அச்சு நிமிடத்துக்கு 350 சுற்றுப் போல வருகிறது. குட்டிக் கோச்சி வெறும் 8 கிலோமீற்றரில், ஒருவர் மெல்ல ஓடிக்கூடப் போகலாம் என்ற வேகத்தில் ஊரும்போதே, அதன் அச்சு 420 சுற்றைத் தாண்டிவிடுகிறது. பார்ப்பவருக்கு அது ஊர்கிறது. அதன் பெயாரிங்குக்கு அது எக்ஸ்பிரஸ்.

பாரத்தையும் பாருங்கள். பெரிய ரயில் பெட்டி ஒன்று முப்பது, நாற்பது தொன் இருக்கும். எழுபது பேர் ஏறினாலும் ஐந்து தொன்னுக்குக் கிட்டத்தான் கூடும். ஆட்கள் ஏறினார்களா இல்லையா என்பது அந்தப் பெட்டிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. குட்டிப் பெட்டியில் இது தலைகீழ். எழுபது கிலோ பெட்டியில் நாலு பெரியவர்கள் ஏறினால் இருநூற்று எண்பது கிலோ. தன்னைப்போல் நாலு மடங்கைப் பெட்டி சுமக்கிறது. வெறும் பெட்டிக்குப் பொருந்தும் ஸ்பிரிங் போட்டால் ஆள் ஏறியதும் அடிதட்டும். ஆளுக்குப் பொருந்தும் ஸ்பிரிங் போட்டால் வெறுமையாக ஓடும்போது அசையாமல் விறைத்து நின்று, தண்டவாளத்தின் சின்ன ஏற்றத்தாழ்வுக்கே சில்லைத் தூக்கிவிடும். பாதையைச் சின்னதாக்கலாம், சில்லைச் சின்னதாக்கலாம். ஏறுகிற மனிதனைச் சின்னதாக்க முடியாது. மணலும் மழையும் துருவும் அப்படித்தான். பெரிய சில்லின் விளிம்புக்கு ஒரு பொருட்டாகவே தெரியாத பரல் கல், சில மில்லிமீற்றரே விளிம்புள்ள சில்லைத் தூக்கிப் போட்டுவிடும்.

அழகுப் பதிப்பும் உழைப்புப் பதிப்பும்

இந்த உண்மை புரிய இங்கிலாந்தில் ஒரு தலைமுறை எடுத்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது குட்டி ரயில் கேளிக்கைக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் கேக்னி சகோதரர்கள் பூங்காக்களுக்கென்றே ரயில்களை விற்றார்கள். இங்கிலாந்தில் நோர்தாம்டன் நகரத்துப் பாஸெட்-லோக் என்ற பொம்மை ரயில் வியாபாரியும், ஹென்றி கிரீன்லி என்ற வடிவமைப்பாளரும் சேர்ந்தார்கள். 1905 இல் பிளாக்பூல் கடற்கரையில் அவர்களுடைய லிட்டில் ஜயன்ட் ஓடியது. 1911 இல் ரில் நகரத்தில் ஏரியைச் சுற்றி ஒரு பாதை வந்தது. ஹேவுட் தனக்கு வேண்டிய வடிவத்தில் தன் எஞ்சினைச் செய்தார். இவர்களோ பெரிய எஞ்சினை அப்படியே அளவு குறைத்துச் செய்தார்கள். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. சனம் குவிந்தது.

சோதனை 1915 இல் வந்தது. வடமேற்கு இங்கிலாந்தில் ரேவன்கிளாஸிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்குக்கு ஏழு மைல் நீளத்தில், 1875 இல் இரும்புக் கனிமம் ஏற்றப் போட்ட மூன்றடிப் பாதை ஒன்று இருந்தது. கனிமம் ஓய்ந்தது, 1913 இல் பாதையும் மூடிக் கிடந்தது. பாஸெட்-லோக் கூட்டத்தார் அதை எடுத்துப் பதினைந்து அங்குலமாக மாற்றி, தங்கள் அழகு எஞ்சினை ஓட்டினார்கள். ஏரிக்கரையில் சுற்றிச் சுற்றி ஓடுவது ஒன்று, மலைப் பள்ளத்தாக்கில் நாள் முழுக்க ஏழு மைல் ஏறி இறங்குவது வேறொன்று. அந்த உழைப்புக்கு அளவு குறைத்துச் செய்த எஞ்சின்கள் பத்தவில்லை. ஈட்டன் ஹாலிலிருந்து கேட்டி என்ற எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். 1916 இல் ஹேவுட் மறைந்தபின் டஃபீல்டிலிருந்து எல்லாவும் மியூரியலும் பெட்டிகளும் வந்தன. அழகில்லாத அந்தப் பழைய சாமான்கள்தான் பாதையைத் தாங்கிப் பிடித்தன. எங்கே தேயும் என்று முதலே யோசித்து, அங்கே இரும்பைத் தாராளமாக வைத்த மனிதரின் வேலை அது.

மியூரியலின் பின்கதை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும். 1927 இல் அதற்குப் புதுப் பொயிலர் வைத்து, உருவத்தை மாற்றி, ரிவர் ஏர்ட் என்று பெயரிட்டார்கள். அதன்பிறகும் எத்தனையோ பாகம் மாறிவிட்டது. ஆனாலும் பதினைந்து அங்குலப் பாதையில் இன்னும் வேலை செய்கிற எஞ்சின்களில் ஆகப் பழையது அதுதான் என்கிறார்கள். பழையது என்று எதைச் சொல்கிறார்கள்? தேய்ந்ததைத் தேயத் தேய மாற்றிய ஓயாத திருத்த வேலையின் தொடர்ச்சியைத்தான். அந்த ரேவன்கிளாஸ் ரயிலே 1960 இல் ஏலத்துக்கு வந்தது. ஆர்வலர்கள் சேர்ந்து அதை மீட்டு, இன்றைக்கும் ஓட்டுகிறார்கள்.

1927 ஜூலையில் தெற்குக் கரையில் ரொம்னி, ஹைத், டிம்சர்ச் ஊர்களை இணைத்து இதே அகலத்தில் இன்னொரு பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது பதிமூன்றரை மைல் நீண்டது. இரண்டாம் உலகப் போரில் இரும்புக் கவசம் போட்ட குட்டிக் கோச்சியொன்றும் அதில் ஓடியது. போர் முடிந்து ஈட்டன் ஹால் பாதையைக் கழற்றியபோது அதன் பழஞ்சாமான்களை இந்த ரொம்னிப் பாதைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். குட்டி ரயில் உலகத்தில் எதுவும் குப்பைக்குப் போவதில்லை. ஒன்று சாகும்போது இன்னொன்றுக்கு அதன் அச்சும் சில்லும் போய்ச் சேருகின்றன.

வீட்டுப் பட்டறையில் பிறந்த கோச்சி

இன்னும் சின்ன ரயில்கள் வந்த வழி வேறு. 1898 இல் லண்டனில் பேர்சிவல் மார்ஷல் மொடல் என்ஜினியர் என்ற சஞ்சிகையை ஆரம்பித்தார். சின்ன லேத் மெசின் ஒன்றை வீட்டுக் கொட்டிலில் வைத்துக்கொண்டு இரவில் இரும்போடு மல்லுக்கட்டும் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், தொழிலாளிகள் அதன் வாசகர்கள். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ் என்பவர் அவர்களுக்குக் குரு மாதிரி. இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் எஞ்சினும் உண்மையான நிலக்கரியில் எரிந்து ஒரு மனிதனை இழுக்கும் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1924 இல் ஆயிஷா என்ற தன் எஞ்சினை மற்றவர்களின் எஞ்சினோடு ஓடவிட்டுக் காட்டினார். அதன் பிறகு வாதம் அடங்கியது.

அன்றைக்கு எல்லாரும் ஆயிஷாவின் பொயிலரைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் எஞ்சின் ஆளை இழுக்கும் என்று நிரூபித்துவிட்டால் அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கும்: ஆள் எதில் குந்துவது? சங்கங்கள் மூன்றரை அங்குலம், ஐந்து அங்குலம், ஏழேகால் அங்குலம் என்று பாதைகளைப் போட்டன. மிகச் சின்ன அகலங்களுக்குத் தண்டவாளத்தைத் தூண்களின்மேல் இடுப்புயரத்துக்குத் தூக்கிவைத்து, பெட்டியை நீண்ட பலகையாகச் செய்து, இருபக்கமும் காலைப் போட்டு ஆட்களை இருத்தினார்கள். கால்கள் கீழே தொங்குவதால் பாரம் இறங்குகிறது, கவிழும் பயம் குறைகிறது. ஒன்பது அங்குலத்தில் ஹேவுட் கைவிட்ட சிக்கலுக்குத் தூணும் தொங்கும் காலும் வேறொரு விடை சொல்லின. இதைக் கண்டுபிடித்தவருக்கு எந்தப் புத்தகத்திலும் தனி அத்தியாயம் கிடைக்கவில்லை.

குனிந்து செய்கிற வேலை

ஞாயிறு ஓட்டத்துக்கு முன் அந்தக் கொட்டகையில் நடக்கிற வேலையில், நான் நம் பெரிய கோச்சிகளில் செய்யாத ஒன்றும் இல்லை. கையளவுதான் மாறியது.

முதலில் சில்லு. ஐந்து அங்குலப் பாதையில் ஒரு அச்சிலுள்ள இரண்டு சில்லுகளின் உட்புற முகங்களுக்கிடையே 119 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அதற்கென்று வெட்டிய ஒரு தகட்டை உள்ளே விட்டுப் பார்ப்போம். இறுக்கமாகவும் போகக்கூடாது, ஆடவும் கூடாது. பெட்டி ஒரு தடவை தடம் புரண்டால் சில்லு அச்சில் மயிரிழை நகர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பாதை மாறும் இடத்தில் மறுபடி புரளும்போதுதான் தெரியும். ஆகவே புரண்ட பெட்டியைத் தூக்கி வைத்து அப்படியே ஓட்டுவதில்லை, தகடு உள்ளே போய் வந்தபிறகுதான் ஓட்டம். சில்லின் ஓடுமுகம் தட்டையாகவும் இருக்கக்கூடாது. விளிம்புப் பக்கம் பருத்து வெளிப்பக்கம் மெலிந்த சரிவு வேண்டும். அந்தச் சரிவுதான் பெட்டியைத் தண்டவாளத்தின் நடுவுக்குத் தானாகக் கொண்டுவருகிறது. தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்தால் பெட்டி வாலாட்டத் தொடங்கும். லேத்தில் போட்டு மறுபடி கடைய வேண்டியதுதான்.

அடுத்தது போகி, அதாவது பெட்டிக்குக் கீழே நாலு சில்லோடு தனியாகத் திரும்பும் சட்டம். சமமில்லாத தரையில் நாற்காலி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடுவதைப் போல, விறைத்த போகியும் ஏதாவதொரு சில்லைத் தூக்கிக்கொள்ளும். தூக்கிய சில்லுதான் தண்டவாளத்தில் ஏறி விழும். ஒரு சில்லுக்குக் கீழே மெல்லிய தகட்டைச் செருகி, மற்ற மூன்றும் தண்டவாளத்தைவிட்டு எழும்புகிறதா என்று கடதாசித் துண்டை விட்டுப் பார்ப்போம். கடதாசி நுழைந்தால் ஸ்பிரிங்கையோ நடு முளையையோ கழற்ற வேண்டும்.

பெயாரிங் விஷயத்தில் காலம் நன்றாகவே மாறிவிட்டது. பழைய பெரிய பெட்டிகளில் அச்சுப்பெட்டிக்குள் ஒயிலில் ஊறிய நூற்கழிவை அடைத்திருப்போம். ஒயில் வற்றினால் அச்சு சூடேறிப் புகையும். அந்த நாற்றத்தை ஒரு தரம் மணந்தவன் மறக்கமாட்டான். ஹேவுட் காலத்துக் குட்டிப் பெட்டிகளுக்கும் ஒயில் கேன்தான் கதி. இப்போது மூடி போட்ட போல் பெயாரிங்கைப் போட்டுவிட்டு, ஆயுசுக்கும் பார்க்கத் தேவையில்லை என்கிறார்கள். பெட்டியோ தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் ஓடுகிறது. ஈரப் புல்லும் தூசும் அச்சோடு உரசுகின்றன. ஆறு மாதம் கொட்டகையில் நின்றால் மூடிக்குள்ளே வியர்வை பிடித்துத் துருவேறும். கையால் சுற்றிப் பார்த்து, விரலில் கரகரப்புத் தட்டினால் மாற்றிவிட வேண்டும்.

பிரேக் பற்றிப் பேசினால் 1889 ஜூன் 12 ஐ விட்டுவிட முடியாது. அயர்லாந்தின் ஆர்மா நகரத்திலிருந்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா கொண்டுபோன ரயில் ஏற்றத்தில் நின்றுபோனது. முன்பாதியை முதலில் மேலே கொண்டுபோகலாம் என்று நடுவில் கழற்றினார்கள். கழற்றியதும் பின்பாதிக்கு எஞ்சினின் பிரேக் இல்லை. கையால் இறுக்கும் பிரேக்கும் சில்லுக்கு அடியில் வைத்த கற்களும் மட்டுமே. அது பின்னோக்கி உருண்டு, கீழிருந்து வந்த ரயிலில் மோதியது. எண்பது பேர் இறந்தார்கள். நிறையப் பிள்ளைகள். அதே வருடம் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் போட்டது: ஆள் ஏற்றும் ரயிலில் எல்லாப் பெட்டிக்கும் தொடர் பிரேக் இருக்க வேண்டும், வண்டி பிரிந்தால் அது தானாகப் பிடிக்க வேண்டும். நான் வேலை பழகிய வெக்யூம் பிரேக்கின் குணம் அதுதான். குழாயில் காற்று இல்லாதவரை சில்லு விடுபட்டிருக்கும். குழாய் அறுந்து காற்று நுழைந்த அடுத்த கணம் பிரேக் பிடித்துவிடும்.

குட்டிக் கோச்சிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முன்னே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் எடையைவிட அது இழுக்கும் ஆட்களின் எடை பல மடங்காக இருக்கும். இறக்கத்தில் எஞ்சின் மட்டும் பிரேக் பிடித்தால், பின்னாலிருக்கும் பாரம் அதையும் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே பிரேக் பெட்டிகளில் இருக்க வேண்டும், பெட்டி பிரிந்தால் தானாகப் பிடிக்க வேண்டும், கொளுவிக்குத் துணையாகச் சங்கிலியும் வேண்டும். கடைசிப் பெட்டியில் குந்தியிருப்பது ஒரு ஐந்து வயதுப் பிள்ளை. ஆர்மாவின் பாடம் அகலத்தைப் பார்த்து மாறாது.

நம் பக்கத்துச் சின்னப் பாதைகள்

இலங்கையிலும் சின்னப் பாதைகள் இருந்தன. அவை பிள்ளைகளுக்காகப் போட்டவை அல்ல, 762 மில்லிமீற்றர் அகலத்தில் உழைப்புக்காக ஓடியவை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு 1903, 1904 ஆம் ஆண்டுகளில் உடப்புசல்லாவைப் பாதை வந்தது. தேயிலையும் தோட்டத்துக்கு வேண்டிய சாமான்களும் அதில் போயின. லொறியும் பஸ்ஸும் பெருகியதும் 1940களில் மூடிவிட்டார்கள். களனிப் பள்ளத்தாக்குப் பாதை அதைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்து, 1990களில் அகலப் பாதையாக மாறியது. மலைநாட்டில் இந்த வரலாற்றைக் கண்ணால் பார்க்க விரும்பினால் கெலிஓயாவிலிருந்து தூரம் போகவேண்டியதில்லை. இலங்கை ரயிலுக்கு 150 வயது நிறைந்த 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலையைத் திறந்தார்கள். அங்கே போகிறவர்கள் எஞ்சினுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பெட்டிக்குப் பக்கவாட்டில் நிறுத்தி அச்சுப்பெட்டியைக் காட்டுவேன்.

தமிழ்நாட்டில் இந்தத் தொடர்ச்சி இன்னும் வேலை நிலையிலேயே இருக்கிறது. 1928 இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு மாறிய பட்டறைதான் நீலகிரி மலை ரயிலைத் தாங்குகிறது. சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் பிறந்த அந்தப் பல்சக்கர எஞ்சின்களைத் திருத்தித் திருத்திப் பழகிய பொன்மலைத் தொழிலாளர்கள், பின்னர் அதே இனத்து எஞ்சின்களைப் புதிதாகவே கட்டிவிட்டார்கள். திருத்தத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியாமல் போகாது என்பதற்கு அது சாட்சி. சென்னையில் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையை அடுத்து 2002 இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் ஏறும் குட்டி ரயில் ஓடுகிறது. பெரிய பெட்டி கட்டும் ஊரில் சின்னப் பெட்டியும் ஓடுவது பொருத்தம்தான்.

இந்த நூற்றைம்பது வருடக் கதையில் செத்துப்போன பாதைகளையும் பிழைத்த பாதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பணம் இருந்ததால் மட்டும் எதுவும் பிழைக்கவில்லை, டியூக்கின் பாதையே கடைசியில் பழஞ்சாமானாகத்தான் போனது. அழகாக இருந்ததாலும் பிழைக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு லேத், பெட்டிக்குக் கீழே இறங்கிப் பார்க்க ஒரு குழி, ஒரு கொப்பி, இவற்றோடு வாரா வாரம் குனிகிற சில ஆட்கள், இவ்வளவும் வாய்த்த பாதைகள் பிழைத்தன. கொப்பி என்றது பரிசோதனைப் புத்தகத்தை. எந்தப் பெட்டியின் எந்தச் சில்லு எப்போது கடையப்பட்டது, எந்தக் கொளுவி மாற்றப்பட்டது என்று அதில் இருக்கும். அந்தச் சங்கத்தில் எஞ்சின்களுக்குத்தான் பெயர், பெட்டிகளுக்கு இலக்கம் மட்டுமே. ஆனால் கொப்பியைப் புரட்டினால் எஞ்சின்களைவிடப் பெட்டிகளுக்குத்தான் பக்கங்கள் அதிகம்.

நம் ஊர்களிலும் பூங்காவுக்கு ஒரு குட்டிக் கோச்சி போட்டால் என்ன என்று அவ்வப்போது யாராவது என்னிடம் கேட்பார்கள். தாராளமாகப் போடுங்கள். நாங்கள் மலைநாட்டுக்காரர்கள், கோச்சிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள், நம் பிள்ளைகளைவிட அதற்கு உரியவர்கள் யார்? ஆனால் பாதைக்கு முன்னால் கொட்டகையைக் கட்டுங்கள். எஞ்சினுக்கு விலை கேட்கும் முன், இரண்டாம் வருடத்துச் சில்லுக்கும் பெயாரிங்குக்கும் பணத்தை ஒதுக்குங்கள். திறப்பு விழாவுக்கு ஆள் தேடும் முன், மழை நாளிலும் பெட்டிக்குக் கீழே குனியக்கூடிய இரண்டு இளைஞர்களைத் தேடிச் சம்பளம் பேசுங்கள். அந்த இரண்டு பேர் கிடைத்தால் என்னிடம் அனுப்புங்கள், சுத்தியலைப் பிடிப்பதிலிருந்து தொடங்குவோம். கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தில் ஊஞ்சல் கட்டுங்கள், அதற்குக் கொஞ்சம் கிறீஸ் போதும்.